நடுத்துண்டு

செங்கல் சூளையிலிருந்து மூன்று மரப்பெட்டிகள் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் வந்து இறங்கியபோது யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூளைக்காரர்கள் இதற்கு முன்பும் பெட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒருமுறை மாட்டு எலும்பு வந்தது. இன்னொரு முறை துருப்பிடித்து இறுகிப்போன சைக்கிள் செயின் ஒன்று, ‘பாம்பு முதுகெலும்பு’ என்று சீட்டு ஒட்டி வந்தது. அதனால் இந்தப் பெட்டிகளும் ஒரு வாரம் சுவரோரமாகச் சும்மா கிடந்தன.

எலும்பறைக்கு அவள் ஒருத்திதான் ஆள். அங்கே எல்லோரும் அவளை எலும்பம்மா என்று கூப்பிட்டார்கள். பார்க்கிற வேலைக்கும் பொருந்தியது, ஒல்லியான உடம்புக்கும் பொருந்தியது என்பதால் அவளும் கண்டுகொள்வதில்லை. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. ஓய்வு பெறும் நாள் அதிகத் தொலைவில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அவள் கழுவாத எலும்பு இல்லை, அளக்காத பல் இல்லை. ஆனால் எல்லாமே வேறு யாரோ கண்டுபிடித்து வேறு யாரோ பெயர் வைத்த விலங்குகள். ‘இதுவும் அதுதான்’ என்று உறுதி செய்து வைப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், பெட்டியைத் திறக்கும்வரை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் பெட்டியில் உடைந்த களிமண் பாளங்கள். மண் அள்ளும் இயந்திரம் கடித்த தடம் அப்படியே இருந்தது. ஒரு பாளத்தின் ஓரத்தில் கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு கீற்று. பிரஷால் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள். எலும்புதான். உள்ளே குழாய்போல் வெற்று. அதன் சுவர் ஒரு தபால்தலைக் கனம்கூட இருக்காது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை மெல்லிய எலும்பு பறக்கிற பிராணிக்குத்தான் இருக்கும். அந்தக் களிமண் படிந்த காலத்தில் பறவைகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. அப்படியானால் இது டெரோசார். டைனோசர்கள் தரையில் திரிந்தபோது வானத்தில் திரிந்த ஊர்வன அவை. கையில் ஒரு விரல் மட்டும் உடம்பைவிட நீளமாக வளர்ந்து, அதிலிருந்து கால்வரை தோலை இழுத்துக் கட்டியதுபோல் இறக்கை. பறப்பதற்காக மெலிந்த எலும்பு, செத்தபிறகு மண்ணின் கனத்தைத் தாங்காமல் காகிதம்போல் நசுங்கிவிடும். முழுசாகக் கிடைப்பது அபூர்வம். இதுவும் முழுசாக இல்லை. ஆனால் முதல் பெட்டியில் ஒரு கீழ்த்தாடையின் முன்பாதி இருந்தது.

அதைக் களிமண்ணிலிருந்து பிரித்தெடுக்க அவளுக்குக் கோடைக்காலம் முழுவதும் ஆனது. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பாளத்தை வைத்து, ஊசியால் ஒவ்வொரு துகளாக நெம்ப வேண்டும். அந்த ஊசிகளில் பாதி அவள் கணவருடைய கிளினிக்கிலிருந்து வந்தவை. அவர் பல் டாக்டர். வீட்டின் தரைத்தளத்தில் கிளினிக், மாடியில் குடித்தனம். மழுங்கிய கருவிகளைத் தூக்கிப்போடாமல் அவளுக்காக ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். சில சமயம் மழுங்காததும் டப்பாவுக்கு வந்துவிடும்.

“என் புது ஊசியக் காணோம். உன் பல்லி வாயிலயா இருக்கு?” என்பார் சாப்பிட உட்கார்ந்ததும்.

“பல்லி இல்லங்க. எத்தனை தடவ சொல்றது.”

“பல்லு இருக்குல்ல? அப்ப எனக்கும் அது பேஷன்ட்தான். டோக்கன் போட்டு வை.”

பல் இருந்தது. சாதாரணப் பல் அல்ல. தாடையின் முன்பாதி முழுக்க மெல்லிய நீளப் பற்கள், சீப்பின் பல்வரிசைபோல் நெருக்கி நின்றன. தண்ணீரை வாயில் அள்ளி, பொடிப் பிராணிகளை மட்டும் வடிகட்டித் தின்கிற ஜாதி. அப்படிப்பட்ட டெரோசார்கள் உலகத்தில் ஏற்கெனவே தெரிந்தவைதான். அவள் ஆறுதலாகவே இருந்தாள். இதுவும் அதுதான் என்று எழுதி முடித்துவிடலாம்.

இரண்டாவது பெட்டியில் வெறும் களிமண்தான். மூன்றாவது பெட்டியைத் திறந்தபோதுதான் சிக்கல் வந்தது. அதில் ஒரு கீழ்த்தாடையின் பின்பாதி இருந்தது. அதே அளவு, அதே கறுப்பு, நசுங்கியிருந்த விதமும் அதே. ஆனால் அதில் இருந்த பற்கள் சட்டைப் பொத்தான்போல் அகலமாக, தட்டையாக இருந்தன. நத்தை ஓட்டையும் நண்டையும் நொறுக்கித் தின்கிற பல். அப்படி ஒரு ஜாதியும் உலகத்துக்குத் தெரியும். இரண்டும் ஒரே வாயில் இருந்ததாக மட்டும் எங்கேயும் யாரும் கண்டதில்லை.

இரண்டு பாதிகளும் சேரும் இடத்தை இயந்திரம் சிதைத்திருந்தது. பொருத்திப் பார்க்க வழியில்லை. இரண்டு விலங்குகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, பெட்டியின் அடியில் கிடந்த மண்ணையும் உடைசலையும் ஒரு கரண்டியும் விடாமல் சலித்தாள்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். அறைக்குள் ஒரு நடை நடந்தாள். திரும்ப வந்து பார்த்தாள். துண்டின் ஒரு முனையில் சீப்புப் பல் ஒன்று. மறுமுனையில் தட்டைப் பல் ஒன்று. இரண்டும் ஒரே எலும்பில் ஊன்றியிருந்தன. நடுவில் ஒட்டுப்போட்ட தடம் இல்லை. மயிரிழைபோல் ஒரு விரிசல் மட்டும் குறுக்கே ஓடியது. அந்த விரிசலின் இரு பக்கமும் எலும்பின் நார் ஒரே போக்கில் போவதை அவள் கண்ணாரக் கண்டாள்.

கணவருக்குப் போன் செய்தாள்.

“ஒருத்தர் வாயத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்காரு, சீக்கிரம் சொல்லு.”

“ரெண்டும் ஒன்னுங்க.”

“எது ரெண்டு?”

“ரெண்டு தாடையும். ஒரே பிராணி. புதுசுங்க. இதுவரைக்கும் யாருமே பாக்காதது.”

“சார், நீங்க வாயக் கொப்பளிங்க,” என்று அவர் நோயாளியிடம் சொல்வது கேட்டது. “நிஜமாவா? அழுவுறியா என்ன?”

“இல்ல,” என்றாள். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். பல்செட் வைக்கிற டப்பாவில் பஞ்சு வைத்து அந்தத் துண்டை அவள் கொண்டுவந்திருந்தாள். கணவர் அதற்கு எக்ஸ்ரே எடுத்தார். திரையில் இரண்டு பல்லின் வேரும் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு துண்டையும் பார்த்தார்.

“முன்னாடி சல்லடை, பின்னாடி அம்மி. தங்கமான வாய். எங்கிட்ட வந்திருந்தா ரெண்டு தலைமுறைக்கு வேலை இருந்திருக்கும்.” நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “பேரு என்ன வைக்கப் போற?”

“இன்னும் எழுதவே ஆரம்பிக்கல.”

“மனசுக்குள்ள வச்சிருப்ப. எனக்குத் தெரியாதா?”

அவள் கொஞ்சம் வெட்கத்தோடு, சலித்து அரைப்பது என்று பொருள் வருகிற ஒரு பெயரைச் சொன்னாள். மிக்ஸி கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறது என்றார் அவர். அன்று முழுவதும் அந்தப் பெயரை வைத்து அவளைக் கிண்டல் செய்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பெயர் வைப்பதென்றால் சும்மா இல்லை. ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வர வேண்டும். வருவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். டெரோசார் என்றால் அந்த விஷயம் தெரிந்தவர் கடைசியில் ஒரே ஆள்தான். கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அப்போது ஆள் சின்னதாக, துறுதுறுவென்று இருப்பான் என்பதால் சுண்டெலி என்று பெயர். எதையும் நிதானமாகச் செய்கிறாள் என்று அவன் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. சுண்டெலி இப்போது வேறொரு நாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவன் தலையாட்டினால்தான் டெரோசார் பறக்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

படங்களையும் எக்ஸ்ரேயையும் அவனுக்கு அனுப்பினாள். மறுநாளே போன் வந்தது.

“ஆமை, நல்லா இருக்கியா? படம் பாத்தேன். அருமையா சுத்தம் பண்ணியிருக்க. ஆனா எனக்கு இது ரெண்டு பிராணியாத்தான் படுது.”

“நடுத்துண்டப் பாத்தியா?”

“பாத்தேன். ரெண்டு எலும்பு ஒன்னு மேல ஒன்னு விழுந்து நசுங்கினா இப்படித்தான் ஒட்டிக்கும். அந்தக் குறுக்குக் கோடு என்னது?”

“வெறும் விரிசல். ரெண்டு பக்கமும் நார் ஒரே போக்குல போவுது.”

“போட்டோல அது தெரியலியே. எக்ஸ்ரேல சுத்தமா தெரியாது, எல்லாம் ஒரே படமா விழுந்துடும். அடுக்கடுக்காப் பாக்கற நுண் ஸ்கேன் எடு, இல்லன்னா நானே கையில வச்சுப் பாக்கணும்.” குரலைத் தணித்தான். “நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. இந்தத் துறையில இப்படி ஒட்டுப்போட்ட பிராணிங்களால எத்தனை பேர் மானம் போயிருக்குன்னு உனக்கே தெரியும். மழைக்காலம் முடிஞ்சதும் அந்தப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு வரேன். நேர்ல பாக்கறேன். துண்டு எங்க ஓடிடப் போவுது?”

நியாயமான பேச்சுதான். துண்டைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தராது. தந்தாலும் அவளுக்குத் தைரியம் வராது. நுண் ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் இன்னொரு நகரத்துப் பொறியியல் கல்லூரியில் ஒன்றுதான் இருந்தது. அருங்காட்சியக இயக்குநர் தானே போன் போட்டுப் பேசினார். அவர் அவளைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். அங்கே வரிசை நீளம். மழைக்காலத்தின் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கினார்கள். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவளுக்கும் அவசரம் இல்லை. பத்துக் கோடி வருஷம் காத்திருந்த பிராணி இன்னும் கொஞ்சம் காத்திருக்கும் என்று இயக்குநரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதல் மழை பெய்த காலையில் துண்டு வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தவளுக்கு வாசனை ஒன்று வந்தது. தீக்குச்சியைக் கிழித்து அணைத்தால் வருமே, அந்த வாசனை. அவள் கை இழுப்பறைப் பிடியிலேயே நின்றுவிட்டது. அது என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

களிமண்ணில் புதைந்த எலும்புக்குள் சில சமயம் பைரைட் வளர்ந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்து, பொன்போல் மினுங்குகிற கனிமம். மண்ணுக்கடியில் காற்றுப்படாதவரை அது பாட்டுக்குக் கிடக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அதைத் தின்ன ஆரம்பிக்கும். அது அமிலமாகும், உப்பாகும், ஊதும். உள்ளிருந்தே எலும்பை வெடிக்க வைக்கும். முதலில் பார்த்தபோது அவள் வியந்த மினுமினுப்பில் பாதி அதுதான். நல்ல எலும்பைக் காப்பாற்ற எல்லாம் செய்யலாம். நோய் பிடித்துவிட்டால் அதன் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மண்ணிலிருந்து எடுத்த நாளே அந்தத் துண்டுக்குச் சாவு நாள் குறித்தாகிவிட்டது.

பெரிய பாதிகள் இரண்டிலும் நோய் அங்கங்கே புள்ளியாகத்தான் இருந்தது. நடுத்துண்டில்தான் அடர்த்தியாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது விரிசலின் ஓரத்தில் வெண்மஞ்சளாகப் பூத்திருந்தது.

அதன்பிறகு அவள் வேறு வேலையே பார்க்கவில்லை. துண்டை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து அமோனியா ஆவி காட்டினாள். அமிலத்தை அது முறிக்கும். கொஞ்ச நாள் பூப்பது நின்றது. ஈரம் உறிஞ்சும் மணிகளைச் சுற்றிப் போட்டு, அவை நிறம் மாறும்போதெல்லாம் மாற்றினாள். ஆனால் கீழ்த்தளச் சுவரெல்லாம் வியர்த்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றுக்கு இரண்டாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று நினைத்து, வண்டியின் குலுக்கலுக்குப் பயந்து விட்டுவிட்டாள். அச்செடுத்து வைக்கலாம் என்றால் ரப்பரை ஊற்றிப் பிரிக்கும்போது துண்டே பிரிந்துவிடும். பசை ஊற்றி இறுக்கலாம் என்றால் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து இறுகும்.

சுண்டெலிக்குப் போன் செய்தாள்.

“இப்பவே வர முடியுமா?”

“என்னாச்சு?”

சொன்னாள். அவன் நெடுமூச்சு விட்டது கேட்டது. “இங்க பரீட்சை நடக்குது, பசங்களோட கடைசி வருஷம். எப்படி விட்டுட்டு வர்றது? ஸ்கேன் தேதிய முன்னாடி தள்ளச் சொல்லிப் பாரேன்.”

இயக்குநர் மறுபடியும் பொறியியல் கல்லூரிக்குப் பேசினார். இடையில் ஒருவர் விட்டுக்கொடுத்தார். அடுத்த வியாழன் வாருங்கள் என்றார்கள். இயக்குநர் தன் அறையிலிருந்து படி இறங்கி ஓடிவந்து அதை அவளிடம் சொன்னார். “வண்டி நான் ஏற்பாடு பண்றேன் மேடம். மெதுவா ஓட்டுற டிரைவரா பாத்து அனுப்பறேன். ஒன்னும் ஆகாது.”

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்தாள். துண்டு இருந்தது. வழக்கத்தைவிட வெளுப்பாக, கொஞ்சம் உப்பலாக இருந்தது. மூடியைத் திறந்தாள். தொடவில்லை. திறந்த காற்று பட்டதற்கோ, மூடி உரசிய அதிர்வுக்கோ, அது அப்படியே உட்கார்ந்தது. சத்தம்கூட வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை மாவு. அதன்மேல் இரண்டு பல் கிடந்தன. நீளப் பல் ஒன்று, தட்டைப் பல் ஒன்று. பல் உறுதியானது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்ததுதான் போய்விட்டது.

அவள் மூடியைத் திரும்ப மூடினாள். மாவு பறந்துவிடக் கூடாது என்று நினைத்ததாகப் பிறகு கணவரிடம் சொன்னாள்.

இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது. குழியில் அந்தப் பிராணியின் மீதி கிடக்கலாம். கிடைத்த பாதிகள் இரண்டும் இடப்பக்கத்தவை; தாடையின் வலப்பக்கம் கிடைத்தால் போதும். கிளினிக்கை மூடிவிட்டுக் கணவர் அவளைச் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, மழையில் சேறாகிக் கிடந்த பாதையில் வண்டி இரண்டு இடத்தில் சிக்கியது. சூளை மேலாளர் குடையோடு வந்து குழியின் விளிம்புவரை அழைத்துப் போனார். குழி இல்லை. ஏரிபோல் பழுப்புத் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

“தண்ணி எப்ப வடியும்?” என்று கேட்டாள்.

“வடியாதும்மா. மோட்டார எடுத்தாச்சு. மண்ணு தீந்துபோச்சுன்னுதான் குழிய விட்டோம். அடுத்த வருஷம் குப்பை போட்டு மூடச் சொல்லியிருக்காங்க.”

“எலும்பு கெடச்ச எடத்துல வெட்டின மண்ணு? அது எங்க கொட்டியிருக்கு?”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “எங்கயும் கொட்டலம்மா. அரைச்சு, அச்சுல போட்டுச் சுட்டாச்சு. லாரி லாரியாப் போயிடுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா வீடு கட்டியிருக்காங்களே, அதெல்லாம் நம்ம கல்லுதான்.” பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “டீ சாப்பிடுறீங்களா?”

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் வர வேண்டும். புதுச் சிவப்புச் சுவர்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. யாரோ ஒருத்தி பால்கனியில் துணியை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். அவள் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுண்டெலி சொன்னபடியே வந்தான். வழுக்கை விழுந்து, தொந்தி போட்டு, சுண்டெலி என்று கூப்பிட நா எழாத ஆளாகியிருந்தான். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எலும்பறையில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியானம்வரை மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்பாதி, பின்பாதி, இரண்டு பல், புட்டியில் போட்டு வைத்த மாவு, அவள் வரைந்த படங்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தான். அவள் பக்கத்து ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு வந்த பெண்போல் இருந்தது அவளுக்கு.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“என்ன சொல்ற?” என்றாள்.

“நான் நம்பறேன்.”

“அப்புறம்?”

“நம்பறத வச்சு என்ன எழுதறது ஆமை? நீயே சொல்லு. எனக்கு ஒருத்தன் இதே மாதிரி போட்டோவும் மாவும் அனுப்பினா நான் என்ன பதில் எழுதுவேன்? நீ என்ன எழுதுவ?”

அவள் என்ன எழுதுவாள் என்பது அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவள் எத்தனையோ பேருக்கு எழுதிய பதில்தான்.

“ரெண்டு பாதியும் தனித்தனியாவே நல்ல மாதிரிங்க. இந்தப் பகுதியில இதுதான் மொத தடவ. ‘பறக்கும் ஊர்வன, இனம் உறுதியாகல’ன்னு ஒரு சின்னக் கட்டுரை எழுது. நானே அனுப்பி வைக்கறேன். பின்னாடி என்னைக்காவது இன்னொன்னு கெடச்சா…”

“கெடைக்காது.”

“கெடைக்கலாம்.”

“நீ அந்தக் குழியப் பாக்கல,” என்றாள்.

அவன் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு கேள்வி கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்காரன் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. “அந்த நார் ஒரே போக்குல போச்சுன்னு சொன்னியே, விரிசலுக்கு ரெண்டு பக்கமும். அதை எத்தனை தடவ பாத்த? வேற வேற வெளிச்சத்துல பாத்தியா?”

“பாத்தேன்,” என்றாள் சட்டென்று.

அவன் போனபிறகு அந்தச் ‘சட்டென்று’ அவளை உறுத்த ஆரம்பித்தது. பார்த்தாள்தான். ஆனால் வெளிச்சத்தை மாற்றியா பார்த்தாள்? முதல்முறை பார்த்தபோது கையைக் கழுவியது, நடந்தது, திரும்ப வந்தது எல்லாம் நினைவிருந்தது. நார் மட்டும், நினைக்க நினைக்க, ஒருநாள் ஒரே போக்காகவும் மறுநாள் லேசாக விலகியும் தெரிந்தது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் எல்லாம் புள்ளிகளாகிவிட்டன. தான் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் நார் தெளிவாக இருந்தது. ஆனால் அது அவள் வரைந்த கோடுதானே? புதிதாக இருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? இத்தனை காலம் அடுத்தவர்களிடம் அவள் சந்தேகப்பட்ட கண், இப்போது அவள் முகத்திலேயே இருந்தது.

அந்தத் துண்டைப் பார்த்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். ஒரு சாயங்காலம், கடைசி நோயாளி போனபிறகு, கிளினிக்குக்கு இறங்கி வந்தாள். கணவர் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“பல்லு வலிக்குதா?”

“இல்லங்க. ஒன்னு கேக்கறேன். எனக்காகச் சொல்லக் கூடாது. பாத்ததச் சொல்லணும்.”

அவர் குழாயை மூடினார்.

“அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அந்தத் துண்டப் பாத்தீங்கல்ல. என்ன பாத்தீங்க?”

“என்ன பாத்தேன்னா… ரெண்டு பல்லப் பாத்தேன். ஒன்னு நீளம், ஒன்னு தட்டை.”

“ரெண்டும் ஒரே எலும்புல இருந்துச்சா?”

அவர் துவாலையை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் இல்லாத பயம் ஒன்று அவர் முகத்தில் தெரிந்தது.

“நீ ஒரே எலும்புன்னு சொன்ன,” என்றார் கடைசியில். “நீ சொன்னதால நான் அப்படித்தான் பாத்தேன்மா. எனக்கா தனியாத் தெரிஞ்சுதான்னு கேட்டா… எனக்குத் தெரியல. பல்லத்தான் பாத்தேன். பல்லப் பாத்தே பழக்கமாயிடுச்சு.”

“சரி,” என்றாள்.

“கோவமா?”

“இல்லங்க. இதத்தான் கேட்டேன்.”

அவர் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், நோயாளிகளுக்குச் செய்வதுபோல் நாற்காலியின் தலைப்பக்கத்தை லேசாகச் சாய்த்துவிட்டார். அவள் சாய்ந்து, மேலே அணைந்திருந்த விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை, நாளைக்கு வாங்க என்று அவர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

அந்தச் சின்னக் கட்டுரையை அவள் எழுதினாள். நாலு பக்கம். சுண்டெலி சொன்னபடியே அனுப்பி வைத்தான். ஆய்விதழ்க்காரர்களும் ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டார்கள். அவள் வைத்திருந்த பெயர் அதில் வரவில்லை. வர இடமும் இல்லை. நடுத்துண்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள், பிறகு அடித்துவிட்டாள். தனக்கே நிச்சயமில்லாததை எழுதினால், பிறகு படிக்கிறவன் அதை நம்பித் தொலைப்பான்.

இயக்குநர் நல்ல மனிதர். கட்டுரை வந்ததைக் கொண்டாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மேல்தளக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காலி செய்யச் சொல்லி, தாடைகளைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்தார். அவள் ஓய்வு பெறும் மாதம் அது. தச்சர் கறுப்புத் துணி விரித்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அளவு பார்த்தார். முன்பாதியை வைத்தார். அதற்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு, பின்பாதியை வைத்தார். தள்ளி நின்று பார்த்தால் நீளமான, முழுசான ஒரு தாடை. விஷயம் தெரியாத யாரும் அப்படித்தான் வைப்பார்கள். பார்ப்பதற்கும் அதுதான் இயல்பாக இருந்தது.

“இப்படியே இருக்கட்டுமா மேடம்?” என்றார் தச்சர். “நல்லா பொருந்துது பாருங்க.”

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவள் விரும்பினால் அப்படியே விட்டுவிட அவர் தயாராக இருந்தார் என்று தோன்றியது. வருகிறவர்கள் யாரும் கேட்கப் போவதில்லை.

அவள் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் சற்று நேரம் நின்றாள். கூடத்தின் மறுகோடியில் யாரோ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல,” என்றாள். “ரெண்டு தட்டா போடுங்க. நடுவுல கொஞ்சம் தள்ளியே வைங்க.”

தச்சர் தோளைக் குலுக்கிக்கொண்டு இன்னொரு தட்டு எடுத்துவரப் போனார். அவர் வரும்வரை காத்திருக்காமல் அவளே குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, பின்பாதியை மெதுவாக எடுத்தாள்.